ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தால் குதிரைக்கு நோய் என்று அர்த்தமா?

2025 மே முதல் வாரத்தில், கேதார்நாத் நடைபாதையில் இரண்டே நாளில் 14 குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இறந்துபோயின. உத்தராகண்ட் அரசு 24 மணி நேரத்துக்கு அந்தப் பாதையில் விலங்குகளை ஓட்டுவதையே நிறுத்தி வைத்தது. கேதார்நாத் இருக்கும் ருத்ரபிரயாக் மாவட்டத்தில் அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே குதிரை இன்ஃப்ளூயன்சா பற்றிய பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மார்ச் கடைசியில் சில கிராமங்களில் தொற்று தெரியவந்ததும், யாத்திரை தொடங்கும் முன் சுமார் 16,000 விலங்குகளைப் பரிசோதித்தார்கள். ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கும் சீரம் சோதனையில் 152 பாசிட்டிவ். வைரஸே இருக்கிறதா என்று தேடும் ஆர்டி-பிசிஆர் சோதனை செய்தபோது முடிவு நெகட்டிவ்.

படித்தவர்கள் குழம்பிப் போனார்கள். 152 விலங்குகளுக்கு நோய் இருந்தும் மலையேற விட்டுவிட்டார்கள் என்றது ஒரு தரப்பு. முதல் சோதனையே தப்பு என்றது இன்னொரு தரப்பு. இரண்டுமே அவசர முடிவுகள். சீரம் சோதனை கேட்பது ஒரு கேள்வி, பிசிஆர் கேட்பது வேறொரு கேள்வி. பதில்கள் வேறுபட்டதில் முரண்பாடே இல்லை.

குதிரைகளைப் பற்றி இப்படிப்பட்ட எண்கள் அவ்வப்போது வருகின்றன. ஒரு நாட்டின் குதிரைகளில் இத்தனை சதவீதத்துக்கு இன்ன வைரஸின் ஆன்டிபாடி இருக்கிறது என்று ஓர் ஆய்வு சொல்லும். அந்தச் சதவீதத்தை நோயாளிகளின் எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டால் தேவையில்லாமல் பயப்படுவோம், அல்லது பயப்பட வேண்டிய இடத்தில் சும்மா இருந்துவிடுவோம். எந்த வைரஸ், எந்தச் சோதனை, எந்தக் குதிரை என்ற மூன்றும் தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது.

ஆன்டிபாடி எப்படி வந்து சேருகிறது

உடலுக்குள் அந்நியப் பொருள் ஒன்று நுழைந்தால், அதைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் புரதத்தை ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஒரு வகை தயாரிக்கிறது. அதுதான் ஆன்டிபாடி. பாடநூல்கள் எதிர்ப்பொருள் என்கின்றன. ரத்தத்தைக் குழாயில் எடுத்து உறைய விட்டால் மேலே வெளிர்மஞ்சளாகத் தெளிந்து நிற்கும் நீர் சீரம். ஆன்டிபாடிகள் அதில்தான் மிதக்கின்றன. ஒரு கூட்டத்தில் எத்தனை சதவீத விலங்குகளின் சீரத்தில் ஒரு குறிப்பிட்ட ஆன்டிபாடி இருக்கிறது என்ற கணக்குக்கு சீரோபிரிவலன்ஸ் என்று பெயர்.

குதிரையின் ஆன்டிபாடி நமக்குப் புதிய விஷயமில்லை. இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு மருந்தே குதிரையின் ஆன்டிபாடிதான். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு பாம்புகளின் விஷத்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். மருந்து நிறுவனங்கள் அந்த விஷத்தைச் சிறு சிறு அளவாகக் குதிரைக்குச் செலுத்தி, உருவாகும் ஆன்டிபாடியைப் பிரித்தெடுக்கின்றன. அந்தக் குதிரையின் சீரத்தைச் சோதித்தால் நாகப்பாம்பின் விஷத்துக்கு எதிரான ஆன்டிபாடி ஏராளமாக இருக்கும். அதை வைத்து அந்தக் குதிரையைப் பாம்பு கடித்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டோம். அந்தப் பொருளை அதன் உடல் சந்தித்திருக்கிறது, அவ்வளவுதான்.

வைரஸ் ஆன்டிபாடியும் இப்படிப் பல வழிகளில் வந்து சேரலாம்:

1. இயற்கையான தொற்று. குதிரை நோயுற்றிருக்கலாம், அறிகுறியே இல்லாமல் கடந்தும் போயிருக்கலாம்.

2. தடுப்பூசி. பந்தயக் குதிரைகளுக்கு இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி உலகெங்கும் வழக்கம். அவற்றில் ஆன்டிபாடி இல்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும்.

3. சீம்பால். மனிதக் குழந்தைக்குத் தாயின் ஆன்டிபாடி கருப்பையிலேயே கிடைத்துவிடும். குதிரையின் நஞ்சுக்கொடி அதை உள்ளே விடாது. குட்டி பிறந்து எழுந்து நின்று முதல் சில மணி நேரத்தில் குடிக்கும் சீம்பாலில்தான் மொத்தமும் வர வேண்டும். ஏறக்குறைய ஒரு நாள் கழிந்தால் குட்டியின் குடல் அந்தப் பெரிய புரதத்தை உறிஞ்சும் திறனை இழந்துவிடும். அதற்குள் குடித்த குட்டியின் சீரத்தில் சில மாதங்களுக்குத் தாயின் ஆன்டிபாடி இருக்கும். நான்கு மாதக் குட்டி பாசிட்டிவ் என்றால் அது தாயின் கடந்தகாலமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சீம்பால் கிடைக்காத குட்டிக்கு வேறு குதிரையின் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, ஏற்றுவது வழக்கம். அதில் ஆபத்தும் உண்டு. அயர்லாந்தில் 2006-ல் குதிரைத் தொற்று ரத்தசோகை என்ற வைரஸ் நோய் பரவியபோது, வெளிநாட்டிலிருந்து வந்த பிளாஸ்மாவைக் குட்டிகளுக்கு ஏற்றியதுதான் தொடக்கம் என்று கண்டறிந்தார்கள்.

வைரஸ் போன பிறகு ஆன்டிபாடி நிற்கும்

இன்ஃப்ளூயன்சா தொற்றிய குதிரைக்குப் பொதுவாக ஒன்று முதல் மூன்று நாளில் காய்ச்சல் வரும். வறட்டு இருமல் வரும். மூக்கு வழியாக வைரஸ் வெளியேறும். ஏழு முதல் பத்து நாளில் அது நின்றுவிடும். ஆர்டி-பிசிஆர் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸின் மரபுப்பொருளைத் தேடுகிறது. ஆகவே இந்தச் சில நாட்களில்தான் அது பாசிட்டிவ் காட்டும்.

ஆன்டிபாடி தாமதமாக வரும். முதலில் ஐஜிஎம் என்ற வகை தோன்றி சில வாரங்களில், அதிகம் போனால் இரண்டு மூன்று மாதங்களில் மறையும். அதன் பின்னாலேயே வரும் ஐஜிஜி மாதக்கணக்கிலும், சில வைரஸ்களில் வருடக்கணக்கிலும் நிற்கும். ஆக, ஒரே விலங்கில் நான்கு நிலைகள் சாத்தியம்:

1. பிசிஆர் பாசிட்டிவ், ஆன்டிபாடி இல்லை. தொற்றி ஓரிரு நாள்தான் ஆகிறது. பரப்பும் ஆபத்து அதிகம்.

2. இரண்டும் பாசிட்டிவ். நோயின் நடுக்கட்டம் அல்லது குணமாகும் கட்டம்.

3. பிசிஆர் நெகட்டிவ், ஆன்டிபாடி உண்டு. நோய் கடந்துவிட்டது, அல்லது தடுப்பூசி போட்டிருக்கிறார்கள்.

4. இரண்டும் இல்லை. இந்த வைரஸை அந்த உடல் சந்தித்ததே இல்லை, அல்லது சந்தித்து நெடுநாள் ஆகி ஆன்டிபாடி தேய்ந்துவிட்டது.

சோதனை முடிவுகளின்படி ருத்ரபிரயாகின் 152 மூன்றாவது நிலையைச் சேர்ந்தவை. ஒரு கொள்ளைநோயை அப்போதே கட்டுப்படுத்த வேண்டுமென்றால் அதிகம் பயப்பட வேண்டியது முதல் நிலையை. சீரம் சோதனையால் அதைப் பிடிக்கவே முடியாது. சீரம் சோதனை மட்டும் செய்து நெகட்டிவ் வந்ததும் மலையேற அனுமதிப்பது இந்த ஒரு ஓட்டையைத் திறந்தே வைக்கிறது. காய்ச்சல் பார்ப்பதும் இருமலைக் கவனிப்பதும் சில நாள் தனியே கட்டிவைப்பதும் கூடவே தேவைப்படுவது இதனால்தான்.

152-ஐ எப்படிப் படிப்பது

16,000-ல் 152 என்பது ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. எண்ணிக்கை இவ்வளவு சிறியதாக இருக்கும்போது சோதனையின் தரம் முக்கியமாகிறது. எந்தச் சோதனைக்கும் இரண்டு அளவுகள் உண்டு.

உணர்திறன்: ஆன்டிபாடி உள்ள 100 விலங்குகளில் எத்தனையைச் சோதனை கண்டுபிடிக்கும்?

தனித்தன்மை: ஆன்டிபாடி இல்லாத 100 விலங்குகளில் எத்தனையைச் சரியாக இல்லை என்று சொல்லும்?

தனித்தன்மை 99 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கேட்க அருமையான சோதனை. ஆனால் வைரஸையே பார்க்காத 16,000 விலங்குகளில் அதைச் செய்தால் 160 விலங்குகள் தவறாகப் பாசிட்டிவ் காட்டும். எனவே 152 என்ற எண்ணை மட்டும் பார்த்தால், அது முழுவதும் சோதனைப் பிழையாகக்கூட இருக்கலாம்.

ஆனால் எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. அந்த மாவட்டத்தில் மார்ச் மாதம் தொற்று உண்மையாகவே இருந்தது. நோய் வந்து குணமான விலங்குகள் ஏப்ரலில் ஆன்டிபாடியோடு இருப்பதும் பிசிஆரில் நெகட்டிவ் ஆவதும் எதிர்பார்க்க வேண்டியதே. அந்த 152-ல் கணிசமானவை குணமடைந்தவை, கொஞ்சம் சோதனைப் பிழை என்று எடுத்துக்கொள்வதுதான் நியாயமான வாசிப்பு.

இதைத் தெளிவாக்க ஒரு பழைய வழி உண்டு. பாசிட்டிவ் ஆன விலங்கிடமிருந்து இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை ரத்தம் எடுத்து, இரண்டு சீரங்களையும் ஒன்றாக வைத்துச் சோதிக்க வேண்டும். சீரத்தை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று நீர்த்துக்கொண்டே போய், எந்த அளவு வரை ஆன்டிபாடி வேலை செய்கிறது என்று பார்ப்பார்கள். முதல் மாதிரியைவிட இரண்டாவதில் அந்த அளவு நான்கு மடங்காவது ஏறியிருந்தால் தொற்று அண்மையில் நடந்தது. ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ பழையது. செலவு அதிகமில்லை. ஆனால் அதே விலங்கை மறுபடி கண்டுபிடித்து ரத்தம் எடுக்க வேண்டும். உரிமையாளர் ஊர் ஊராகப் போகிறவராக இருந்தால் அதுதான் பெரும்பாடு.

அந்த 14 இறப்புகளை ஆன்டிபாடி எண்ணோடு நேரடியாக முடிச்சுப் போடுவதும் சரியில்லை. குதிரை இன்ஃப்ளூயன்சா பரவுவதில் வேகமானது, ஆனால் கொல்வது அபூர்வம். வைரஸ் மூச்சுக்குழாயின் உட்சுவரை அரித்துவிடுகிறது. அந்தச் சுவர் மறுபடி வளர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் பாக்டீரியா நுரையீரலுக்குள் இறங்கினால் உயிர் போகலாம். காய்ச்சல் எத்தனை நாள் இருந்ததோ அத்தனை வாரம் ஓய்வு கொடுங்கள் என்பது குதிரை மருத்துவர்களின் பொதுவிதி. கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத் வரை சுமார் 16 கிலோமீட்டர், உச்சியில் 3,500 மீட்டருக்கு மேல் உயரம், முதுகில் ஆளோ மூட்டையோ. இருமல் நின்ற மறுவாரமே அதில் ஏற்றப்படும் விலங்குக்குப் பிசிஆர் நெகட்டிவ் என்ற சீட்டு எந்தப் பாதுகாப்பையும் தருவதில்லை.

வைரஸுக்கு வைரஸ் அர்த்தம் மாறும்

ஒரே பாசிட்டிவ் முடிவு, வைரஸைப் பொறுத்து நேர் எதிரான பொருள் தரும்.

1. குதிரைத் தொற்று ரத்தசோகை. இது எச்ஐவியின் உறவுக்கார வைரஸ். உள்ளே புகுந்தால் வாழ்நாள் முழுக்க வெளியேறாது. எனவே இங்கே ஆன்டிபாடி என்றால் கடந்தகாலம் என்ற விதி உடைகிறது. சீம்பால் குடித்த இளங்குட்டியைத் தவிர, ஆன்டிபாடி உள்ள குதிரை என்றால் வைரஸ் உள்ள குதிரை.

அமெரிக்கக் கால்நடை ஆய்வாளர் லெராய் காகின்ஸ் 1970-ல் உருவாக்கிய சோதனையின் பெயரே குதிரை உலகில் இந்த நோய்க்கான சீட்டாகிவிட்டது. சின்னத் தட்டில் கூழ்போன்ற அகாரை ஊற்றி, நடுவில் ஒரு குழியும் சுற்றிலும் ஆறு குழிகளும் வெட்டுவார்கள். நடுக்குழியில் வைரஸின் புரதம். சுற்றுக் குழிகளில் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சோதிக்க வேண்டிய சீரமும், பாசிட்டிவ் என்று ஏற்கெனவே தெரிந்த சீரமும். ஓரிரு நாள் வைத்தால் இரண்டும் அகாருக்குள் ஊறி வந்து சந்திக்கும் இடத்தில் மெல்லிய வெண்கோடு விழும். தெரிந்த சீரத்தின் கோடு பக்கத்துக் குழியின் கோட்டோடு தடையில்லாமல் வளைந்து சேர்ந்தால் அந்தக் குதிரையின் கதி முடிவாகிவிட்டது. கருணைக்கொலை, அல்லது மற்ற குதிரைகளிடமிருந்து ஆயுள் முழுக்கத் தனிமை.

தனிமை என்றால் அமெரிக்க விதிப்படி சுமார் 200 கஜம். அதற்குக் காரணம் ஈ. பெரிய கடிக்கும் ஈக்கள் ஒரு குதிரையில் ரத்தம் குடிக்கும்போது வால் விசிறி விரட்டப்பட்டால், வாயில் ஒட்டிய ரத்தத்தோடு அதே குதிரைக்கோ மிக அருகில் நிற்கும் குதிரைக்கோதான் திரும்பும். அவ்வளவு தூரம் பறந்து இன்னொன்றைத் தேடுவதில்லை. இந்த நோயில் ஒரு நாட்டின் ஆன்டிபாடி சதவீதம் ஒன்றுக்குக் கீழே இருந்தாலும் அது கெட்ட செய்திதான்.

2. குதிரை ஹெர்ப்பீஸ். ஒன்றாம் வகையும் நான்காம் வகையும் முக்கியமானவை. பெரும்பாலான குதிரைகள் சிறுவயதிலேயே இவற்றைச் சந்தித்துவிடுகின்றன. வைரஸ் நரம்பு முடிச்சுகளில் ஒளிந்துகிடந்து, பயணம், போட்டி, பிரசவம் என்று உடல் அலைக்கழியும்போது மறுபடி எழும். ஆகவே ஆன்டிபாடி 80 சதவீதம் என்று ஓர் ஆய்வு சொன்னாலும் அதில் செய்தியே இல்லை. இந்த இரண்டு வகைகளின் ஆன்டிபாடியையும் சாதாரணச் சோதனை பிரித்தறியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒன்றாம் வகைதான் கருச்சிதைவுக்கும் நரம்புப் பாதிப்புக்கும் முதன்மைக் காரணம். 2021-ல் ஸ்பெயினின் வலென்சியா போட்டியில் கிளம்பி ஐரோப்பாவின் பல நாடுகளில் போட்டிகளை நிறுத்த வைத்ததும் அதுதான்.

3. குதிரை ஆர்ட்டரைட்டிஸ். ரத்தக்குழாய்களில் அழற்சி உண்டாக்கும் வைரஸ் நோய். இங்கே பாலினம் முக்கியம். பெட்டைக்குதிரையில் ஆன்டிபாடி இருந்தால் பழைய தொற்று, பிரச்சினை முடிந்தது. ஆண் குதிரையில் இருந்தால், விந்துவில் வைரஸ் வருடக்கணக்கில் தங்கியிருக்கக்கூடும். அதனால் இனவிருத்திக்கு விடும் முன் விந்துவைத் தனியே சோதிக்க வேண்டும். தடுப்பூசியாலும் அதே ஆன்டிபாடிதான் வரும். தடுப்பூசிக்கு முன்பே ரத்தம் எடுத்து நெகட்டிவ் என்று பதிவு செய்து வைக்காவிட்டால், நல்ல ஆண் குதிரையும் ஏற்றுமதியின்போது சந்தேகத்துக்குள்ளாகும்.

4. ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் வெஸ்ட் நைலும். நம் மண்ணோடு நேரடித் தொடர்புள்ளவை. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மனிதர்களிடம் முதலில் கண்டறியப்பட்டது 1955-ல், வேலூரில். க்யூலெக்ஸ் கொசு இந்த இரண்டு வைரஸ்களையும் பரப்புகிறது. மூளைக்காய்ச்சல் வைரஸ் கொக்கு, நாரை, பன்றி ஆகியவற்றில் பெருகுகிறது. வெஸ்ட் நைல் பறவைகளில் பெருகுகிறது. குதிரை மனிதனைப் போலவே இங்கே முட்டுச்சந்து. அதன் ரத்தத்தில் வைரஸின் அளவு மிகக் குறைவு, கடிக்கும் கொசுவுக்குக்கூட அது தொற்றாது.

எனவே குதிரைகளில் இந்த ஆன்டிபாடி இருக்கிறது என்ற செய்தியைப் படித்துவிட்டு, குதிரைகளால் நமக்கு மூளைக்காய்ச்சல் வருமோ என்று பயப்படுவது தலைகீழான வாசிப்பு. அந்த ஊரின் கொசுவில் வைரஸ் இருக்கிறது என்பதே அதன் பொருள். குதிரை திறந்தவெளியில் நிற்கிறது, உடல் பெரியது, கொசு நிறையக் கடிக்கிறது. அதனால் மனிதர்களிடம் நோய் தெரியவருமுன்னே குதிரையின் சீரம் சொல்லிவிடும். வெஸ்ட் நைல் தொற்றும் குதிரைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குத்தான் நரம்பு அறிகுறி வரும். அப்படி வந்தவற்றில் மூன்றில் ஒன்று சாகும். 1999-ல் நியூயார்க்கில் இறங்கிய இந்த வைரஸ் 2002-ல் மட்டும் அமெரிக்காவில் 15,000-க்கு மேற்பட்ட குதிரைகளுக்கு நோயைக் கொடுத்தது. அறிகுறி காட்டாமல் தொற்றிப் போனவை அதைப்போல் பல மடங்கு. ஆன்டிபாடி சோதனை இல்லாமல் அவற்றைக் கணக்கெடுக்க வழியே இல்லை.

ஒரு சிக்கலும் உண்டு. இரண்டும் ஒரே குடும்பத்து வைரஸ்கள் என்பதால், ஒன்றின் ஆன்டிபாடி மற்றதன் எலிசா சோதனையிலும் (ஆன்டிபாடியைத் தேடும் வழக்கமான சீரம் சோதனை) ஒட்டிக்கொள்ளும். இரண்டும் புழங்கும் இந்தியா போன்ற நாட்டில், எலிசாவை மட்டும் வைத்து வெஸ்ட் நைல் இத்தனை சதவீதம் என்று சொல்லும் எண்ணைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். உயிருள்ள வைரஸோடு சீரத்தைக் கலந்து, செல்களை அது காப்பாற்றுகிறதா என்று பார்க்கும் நடுநிலையாக்கச் சோதனையை இரண்டு வைரஸ்களுக்கும் செய்து, எதற்கு எதிராகக் குறைந்தது நான்கு மடங்கு அதிக வலு தெரிகிறது என்று ஒப்பிட வேண்டும். அதற்கு உயர் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் வேண்டும், நாட்கள் பிடிக்கும். அதைச் செய்யாத ஆய்வை ஒதுக்க வேண்டியதில்லை. இந்தக் குடும்பத்து வைரஸ் ஏதோ ஒன்று என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

யாருடைய ரத்தத்தை எடுத்தார்கள்?

2019 கால்நடைக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்த்து சுமார் 3.4 லட்சம். 2012-ல் இது 6.2 லட்சத்துக்கு மேல். ஏழே வருடத்தில் கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது. கோவேறு கழுதைகள் 84,000, கழுதைகள் 1.2 லட்சம். இவற்றையும் சேர்த்தால் சுமார் 5.5 லட்சம்.

இந்த 5.5 லட்சமும் ஒரே கூட்டமில்லை. கிண்டியிலும் புனேயிலும் பந்தய லாயத்தில் நிற்கும் குதிரைக்குத் தடுப்பூசி அட்டை உண்டு, கொசுவலைகூட உண்டு. ராஜஸ்தானின் மார்வாரியும் குஜராத்தின் கத்தியவாரியும் சந்தைக்குச் சந்தை கைமாறுகின்றன. உத்தரப்பிரதேசச் செங்கல் சூளையில் மண் சுமக்கும் கோவேறு கழுதைக்கு மருத்துவர் வருவதே அபூர்வம். கல்யாண ஊர்வலக் குதிரை, ராணுவக் குதிரை, போலீஸ் குதிரை, யாத்திரைப் பாதை விலங்கு என்று ஒவ்வொன்றும் ஒவ்வோர் உலகம்.

ஆய்வாளர்களுக்கு எளிதில் ரத்தம் கிடைப்பது மூன்று இடங்களில்: ஒழுங்கான லாயங்கள், கால்நடை மருத்துவமனைகள், வேறொரு நோய்க்காக ஏற்கெனவே சேகரித்த சீரக் குழாய்கள். முதல் இடத்தில் தடுப்பூசி ஆன்டிபாடி கலந்துவிடும். இரண்டாவதில் நோயுற்ற விலங்குகள் மிகையாக இருக்கும். மூன்றாவதில் எந்த ஊரில் அந்த வேறு நோய் இருந்ததோ அந்த ஊர் மட்டுமே தெரியும். நாடு முழுக்க இத்தனை சதவீதம் என்ற வாக்கியத்தை எழுத, மாநிலம் வாரியாகவும் தொழில் வாரியாகவும் பிரித்துச் சீட்டுக் குலுக்கல் முறையில் விலங்குகளைத் தேர்ந்திருக்க வேண்டும். 1985-ல் ஹிசாரில் தொடங்கப்பட்ட தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் பல மாநிலங்களிலிருந்து சீரம் வாங்கிக் கண்காணித்து வருவது இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது.

சோதனையின் பிழையையும் கணக்கில் கழிக்கலாம். பாசிட்டிவ் 12 சதவீதம், உணர்திறன் 90, தனித்தன்மை 95 என்று வைத்துக்கொண்டால், உண்மையான அளவு சுமார் 8 சதவீதம்தான் வரும். இந்தத் திருத்தத்தைச் செய்தார்களா என்பது ஆய்வறிக்கையின் செய்முறைப் பகுதியில் இருக்கும். செய்தித்தாளுக்கு வரும்போது அது பெரும்பாலும் உதிர்ந்துபோய்விடுகிறது.

வயதைப் பிரித்தால் காலம் தெரியும்

மொத்தச் சதவீதத்தைவிடப் பயனுள்ளது வயதுவாரி எண். குதிரையின் முன்பற்களின் தேய்மானத்தைப் பார்த்து அனுபவசாலிகள் வயதை மதிப்பிட்டுவிடுவார்கள். சான்றிதழ் இல்லாத விலங்குக்கும் இது சாத்தியம் என்பதால் களத்தில் பெரிய உதவி.

கற்பனையாக இரண்டு மாவட்டங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் வெஸ்ட் நைல் ஆன்டிபாடி 30 சதவீதம்.

முதல் மாவட்டத்தில் இரண்டு வயதுக் குதிரைகளில் 8, ஐந்து வயதில் 25, பத்து வயதில் 45 என்று படிப்படியாக ஏறுகிறது. அங்கே வைரஸ் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவுகிறது.

இரண்டாவது மாவட்டத்தில் ஆறு வயதுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை, மேலே 60 சதவீதம். அங்கே ஆறு வருடத்துக்கு முன் ஒரு பெரிய அலை அடித்து ஓய்ந்துவிட்டது. இப்போது இளங்குதிரைகள் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நிற்கின்றன. அடுத்த அலை வந்தால் சேதம் இங்கேதான்.

30 என்ற ஒரே எண்ணுக்குள் இவ்வளவு வித்தியாசம். என்னைக் கேட்டால், தடுப்பூசி போடாத ஒன்று இரண்டு வயதுக் குதிரைகளை மட்டும் வருடா வருடம் சோதிப்பது, எல்லா வயதையும் ஒருமுறை சோதிப்பதைவிட அதிகம் சொல்லும். அவற்றில் தென்படும் ஆன்டிபாடி கடந்த ஓரிரு மழைக்காலத்தில் வந்ததாகத்தான் இருக்க முடியும்.

இல்லை என்று நிரூபிப்பது

ஆன்டிபாடி ஆய்வின் கடினமான வேலை, ஒரு நோய் இல்லை என்று காட்டுவது. பத்துக் குதிரைகளைச் சோதித்துப் பூஜ்யம் வந்தால் எதுவும் நிரூபணமாகாது. நோய் ஒரு சதவீதமாவது இருந்தால் 95 சதவீத உறுதியோடு அதைக் கண்டுபிடிக்க, ஒரு பெரிய கூட்டத்திலிருந்து சுமார் 300 விலங்குகளைச் சோதிக்க வேண்டும். ஐந்து சதவீதம் இருந்தால் கண்டுபிடிக்க 60 போதும். இல்லை என்று சொல்லும் அறிக்கையில் எத்தனை மாதிரி என்ற எண்தான் முதலில் கேட்க வேண்டியது.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது ஆஸ்திரேலியா. 2007 ஆகஸ்டில் அங்கே குதிரை இன்ஃப்ளூயன்சா முதன்முறையாக நுழைந்தது. அதுவரை நோயும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. அதனால் எந்தக் குதிரைக்கும் ஆன்டிபாடி இல்லை. சில மாதங்களில் 70,000-க்கு மேற்பட்ட குதிரைகளுக்குத் தொற்றியது. தடுப்பூசி போடாமல் நிறுத்த முடியாது. போட்டால் எல்லாக் குதிரையும் பாசிட்டிவ் ஆகி, வைரஸ் எங்கே மிச்சம் இருக்கிறது என்று தெரியாமல் போய்விடும். இந்தச் சிக்கலைத் தடுப்பூசியைத் தேர்ந்தெடுத்த விதத்திலேயே தீர்த்தார்கள். அந்தத் தடுப்பூசியில் வைரஸின் வெளிப்புறப் புரதம் மட்டும் இருந்தது, உட்புரதம் இல்லை. தடுப்பூசி போட்ட குதிரைக்கு வெளிப்புரதத்துக்கு மட்டும் ஆன்டிபாடி வரும். உண்மையில் தொற்றிய குதிரைக்கு இரண்டுக்கும் வரும். உட்புரத ஆன்டிபாடியைத் தேடும் எலிசா இரண்டையும் பிரித்துக் காட்டியது. 2007 டிசம்பருக்குப் பிறகு புதுத் தொற்று இல்லை. அடுத்த ஆண்டே நோயற்ற நாடு என்ற நிலையைத் திரும்பப் பெற்றார்கள்.

இந்தியாவில் இதே எச்3என்8 வகை இன்ஃப்ளூயன்சா 1987-ல் வந்தது. பிறகு 2008-ல் ஜம்முவின் கட்ராவில், வைஷ்ணோ தேவி யாத்திரை விலங்குகளிடம் தலைகாட்டிப் பல மாநிலங்களுக்குப் பரவியது. மறுபடி 2025-ல் ருத்ரபிரயாக். மூன்றில் இரண்டு, யாத்திரைக்காக ஆயிரக்கணக்கான விலங்குகள் பல ஊர்களிலிருந்து ஓரிடத்தில் கூடும் பருவத்தை ஒட்டியவை.

மீரட்டும் மலைப்பாதையும்

2025 ஜூலையில், மீரட் கன்டோன்மென்ட்டில் உள்ள ராணுவக் கால்நடைப் படையின் குதிரைவளாகத்தை நோயற்ற பகுதியாக உலக விலங்குச் சுகாதார அமைப்பு அங்கீகரித்தது. இந்தியாவில் இதுதான் முதல். தொற்று ரத்தசோகை, இன்ஃப்ளூயன்சா, கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியா நோய், சர்ரா, பைரோபிளாஸ்மோசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய்கள் ஆகிய ஐந்தும் அங்கே இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது. ஆப்பிரிக்கக் குதிரை நோய் 2014 முதல் நாடு முழுவதற்குமே இல்லை என்று ஏற்கப்பட்டிருக்கிறது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் குதிரையேற்ற அணி 41 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் வென்றபோது, அந்தக் குதிரைகள் ஐரோப்பாவிலிருந்து போனவை. மீரட் அங்கீகாரம் இங்கிருந்தே நேராக அனுப்ப வழி திறக்கிறது. பெரிய சாதனைதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் வேலியடித்த வளாகத்துக்குள் தொடர்ந்து சீரம் எடுத்துப் பூஜ்யத்தைக் காட்டுவது, கேதார்நாத் பாதையில் செய்வதைவிட எளிது. அங்கே ஒரு கோவேறு கழுதைதான் ஒரு குடும்பத்தின் ஆறு மாத வருமானம். பாசிட்டிவ் என்று ஒரு சீட்டு வந்தால், அது பழைய தொற்றா புதியதா என்று யாரும் விளக்காவிட்டால், உரிமையாளர் அடுத்த முறை ரத்தம் எடுக்க விலங்கைக் கொண்டுவர மாட்டார். கண்காணிப்பு அதோடு படுத்துவிடும்.

அங்கே தேவைப்படுவது மூன்று. யாத்திரைக்கு இரண்டு மாதம் முன்பே இலவசத் தடுப்பூசி. தடுப்பூசிக்கு முன் ஒரு ரத்த மாதிரி, பருவம் முடிந்து இறங்கும்போது இன்னொன்று. தடுப்பூசியால் வந்த ஆன்டிபாடியையும் நோயால் வந்ததையும் பிரித்துக் காட்டும் சோதனை. இவற்றோடு, காய்ச்சலால் நிறுத்திவைக்கப்பட்ட நாட்களுக்கு உரிமையாளர் கையில் கூலி கொடுத்துவிட்டால், இருமும் விலங்கை மறைத்து மலையேற்ற வேண்டிய அவசியம் அவருக்கு இருக்காது.